மைக் செட்காரரின் முடிவாகாத ஓட்டு

“மர்பி டவுன் மக்களின் குடங்களில் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை நிரப்பியவர் யார்? பள்ளிக்கூடத்தின் கூரையை ஒழுகவிட்டு, தம் வீட்டு மாடியின் மேல் மாடி எழுப்பிக்கொண்டவர் யார்? தோழர்களே... அந்த...”

மைக் மாண்டுபோனது.

சங்கமித்ராவின் வலக்கை வானத்தில் நின்றது. வாய் திறந்தபடி நின்றது. திறந்த வாயில் கோடை மழையின் முதல் துளி வந்து விழுந்தது.

மேடையை அறிந்தவர்களுக்கு இந்தக் கொடுமை விளங்கும். முதல் ‘யார்’ கூட்டத்தைத் திரும்பிப் பார்க்க வைக்கும். இரண்டாம் ‘யார்’ தேநீர்க் குவளைகளைக் கீழே வைக்க வைக்கும். மூன்றாம் ‘யார்’ வரும்போதுதான் கைகள் தாமாகத் தட்டிக்கொள்ளும். அந்த மூன்றாம் ‘யார்’ நாவின் நுனிவரை வந்து, ஒலிபெருக்கி இல்லாத ஒரே காரணத்தால் உள்ளே திரும்பிற்று... இதனினும் பெரிய அநீதி இந்த வார்டில் அதுவரை நிகழ்ந்ததில்லை என்றே அவள் கருதினாள்.

கூட்டம் கடைகளின் தகரக் கூரைகளுக்கடியில் ஒதுங்கியது. அவள் மட்டும் மேடையிலிருந்து குதித்தாள். புடவைக் கொசுவத்தை ஒரு கையால் அள்ளிப் பிடித்தபடி பின்புறம் பாய்ந்தாள். அங்கே ஒருவன் தான் நனைவதைப் பொருட்படுத்தாமல் ஆம்ப்ளிஃபயரின் மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திக்கொண்டிருந்தான், காய்ச்சல் கண்ட குழந்தைக்குப் போர்த்துவதைப்போல.

“ஹலோ! யாரைக் கேட்டு ஆஃப் பண்ணீங்க?”

அவன் திரும்பினான். இமை மயிர்களில் மழை கோத்திருந்தது. அந்த நீர்மணிகளுக்குப் பின்னால் இரண்டு கண்கள்... அவசரமே அறியாத கண்கள். எதையும் இருமுறை பார்த்த பின்னரே நம்புகிற கண்கள்.

“மழையைக் கேட்டு மேடம்.”

“ஒரே ஒரு வரி பாக்கி இருந்துச்சு! கைதட்டல் வர்ற வரி!”

“ஒயர் நனைஞ்சிருக்கு. நீங்க பிடிச்சிருந்தது இரும்பு ஸ்டாண்டு. இன்னும் ஒரு வரி பேசியிருந்தீங்கன்னா கைதட்ட மாட்டாங்க, மாலை போட்டிருப்பாங்க.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் போராட்டம் நீர்த்துப்போகும் என்பதால் உதட்டைக் கடித்து அதை அடக்கினாள். அவன் அதையும் இருமுறை பார்த்தான்.

“ஆனா நல்லாப் பேசினீங்க,” என்றான். “நானே பாதி மாறிட்டேன்.”

“பாதியா?”

“நேத்து அந்தக் கட்சி மேடைக்கும் நம்ம செட்டுதான். அவங்களுக்கும் பாதி மாறினேன். முந்தாநாள் இன்னொருத்தங்க. அங்கயும்...”

“நீங்க இந்த வார்டுதானா? உங்க ஓட்டு?”

“இன்னும் முடிவாகல மேடம்.”

மழை வலுத்தது. சங்கமித்ராவுக்கு உள்ளே இடி இறங்கியது. வாக்குப்பதிவு வாசலில் வந்து நிற்கிறது. இந்த மனிதனுக்கு முடிவாகவில்லையாம்! எதிர்க்கட்சிக்காரனைக்கூட அவளால் மதிக்க முடியும். அவனோடு மோதலாம், மோதி மகிழலாம். ஆனால் முடிவாகாதவன்? சுவரும் அல்லன், கதவும் அல்லன்... திரைச்சீலை!

அவள் பௌத்தக் குடும்பத்துப் பெண். பகலில் சிவாஜிநகர் மூக்குக்கண்ணாடிக் கடையில் பிறர் கண்களுக்கு அளவு பார்ப்பவள், மாலையில் பிறர் அறிவுக்கண்களைத் திறக்க மேடை ஏறுபவள். வேட்பாளர் வேறு யாருமல்லர், அவளுடைய அத்தை வனஜா. ஒரு தலைமுறைக் காலம் இந்த வார்டின் தெருக்களைக் கூட்டிப் பெருக்கி, துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்தவர். சென்ற தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்றார். எவ்வளவில் தோற்றார்? கல்யாணப் பந்தியில் ஒரு வரிசைக்கு இலை போட்டால் போதும், அவ்வளவு பேர்தான் வித்தியாசம். இம்முறை தண்ணீர்க்குழாய்ச் சின்னம். ஆகவே வனஜாவின் வீட்டில் ஒவ்வொரு ஓட்டும் பிள்ளைக்குட்டியைப்போல் பெயர் சொல்லி விசாரிக்கப்பட்டது.

“அந்த மைக் செட்டு சில்வெஸ்டர் என்ன சொல்றாரு?” என்று அன்றிரவே கேட்டார் வனஜா.

“தொங்கல் அத்தை.”

பிரச்சாரக்காரர்களின் மொழியில் தொங்கல் என்றால் இன்னும் எந்தப் பக்கமும் சாயாத ஆள். வார்டு முழுவதும் தேடினால் தொங்கல் என்று சொல்லத்தக்கவர் இந்த ஒருவர்தான். ஏனென்றால் மற்ற எல்லா வீட்டிலும் பதில் ஒன்றே: “உங்களுக்குத்தாம்மா!” வாசலில் யார் நின்றாலும் அதே பதில், அதே புன்னகை, சிலரிடம் அதே காப்பி.

“சண்டை போட்டது நீ. அப்போ அந்த ஓட்டு உன் பொறுப்பு,” என்றார் வனஜா.

“அது ஒரு ஓட்டா அத்தை? நாளைக்குள்ள முடிச்சுக் காட்டுறேன்!” என்றாள் அவள்.

மறுநாள் மாலை. ‘சில்வெஸ்டர் சவுண்ட்ஸ்’ என்ற பலகையின் கீழே அவள் நின்றாள். உள்ளே ஒலிபெருக்கிகள் அடுக்கடுக்காக வாய் பிளந்திருந்தன. அவற்றின் நடுவே வாய் மூடிய ஒரே பிறவியாக அவன்.

“உக்காருங்க மேடம். அந்த பாக்ஸ் மேலயே உக்காரலாம், உறுதியா இருக்கும்.”

“உறுதியான பொருளும் இந்தக் கடையில இருக்கா? பரவாயில்லையே!”

“வந்த உடனே ஆரம்பிச்சிட்டீங்களா...” அவன் சிரித்தான். கன்னத்தில் ஒரு குழி விழுந்து மறைந்தது. பார்க்கவில்லை, தற்செயலாகக் கண்ணில் பட்டது என்று அவள் தனக்குத் தானே விளக்கம் கொடுத்துக்கொண்டாள்.

“சரி, நேரா கேக்குறேன். ஏன் முடிவாகல? பயமா?”

“பயமில்ல மேடம். இந்த வார்டுல மூணு மேடையையும் முழுசா கேட்டவன் நான் ஒருத்தன்தான். மத்தவங்க அவங்கவங்க கட்சிக் கூட்டத்துக்கு மட்டும் போறாங்க, வீட்ல இருந்து கொண்டுபோன முடிவையே திரும்ப வீட்டுக்குக் கொண்டுட்டுப் போறாங்க. எனக்கு அந்த வசதி இல்ல. வாடகை வாங்கிட்டு எழுந்து போக முடியாதே!”

“கேட்டா போதுமா? சிந்திக்கணும்!”

“அதைத்தானே பண்றேன்.”

அவள் அந்த பாக்ஸின் மேல் பொத்தென்று அமர்ந்தாள்.

“பாருங்க... அந்தக் கட்சி ஆளு, அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தப்ப கூடவே ஓடி வந்து ஆஸ்பத்திரியில பெட்டு வாங்கிக் குடுத்தாரு. அதை மறக்க முடியல. இன்னொருத்தரு சாக்கடைத் தண்ணி போக மோரி கட்டுறேன்னு சொன்னாரு, போன தடவை பாதி கட்டவும் செஞ்சாரு. உங்க வனஜாக்கா... தங்கம். ஆனா தங்கத்தை ஒத்தையா அனுப்பி அங்க நிக்க வெச்சா, ஒரு சுயேச்சையால என்ன பண்ண முடியும்? நல்லவங்களை அனுப்பித் தோக்கடிக்கிற மாதிரி ஆயிடாதா? அப்புறம் இன்னொண்ணு. வீட்டுக்கு வீடு குழாய்னு சொல்றீங்க. தண்ணி எங்கிருந்து வரும்? அதை ஒரு கூட்டத்துலயும் நீங்க சொல்லலையே.”

பெண்ணடிமையைப் பற்றிக் கேட்டிருந்தால் அவள் பொங்கியிருப்பாள். மூடநம்பிக்கையைப் பற்றிக் கேட்டிருந்தால் முழங்கியிருப்பாள். தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டுவிட்டானே!

“அது... நாளைக்குச் சொல்றேன்,” என்று எழுந்தாள்.

“மேடம், காப்பி?”

“முடிவாகாதவங்க வீட்ல நான் காப்பி குடிக்கிறதில்ல!”

அன்றிரவு அத்தையைத் தூங்கவிடவில்லை. எந்தத் தொட்டி, எந்தக் குழாய், எங்கே அடைப்பு, எந்த அதிகாரி கையெழுத்திட மறுக்கிறார் என்று துருவித் துருவிக் கேட்டாள். அடுத்த கூட்டத்தில் அதை அப்படியே சொன்னாள். கூட்டம் முதன்முறையாகக் கைதட்டாமல் கவனித்தது. மேடைக்குப் பின்னால் இருந்த சில்வெஸ்டர் ஒரு புருவத்தை உயர்த்தி, மெல்லத் தலையசைத்தான்.

அந்தப் புருவம்! ஓர் ஊரே தட்டிய கைதட்டலில் அடையாத பெருமையை ஒற்றைப் புருவத்தில் அடைந்தாள் அவள். ஆனால் மறுநாள் போனால்... வேறொரு கேள்வி தயாராக இருந்தது. அதற்கு மறுநாள் இன்னொன்று. அவள் சினந்தாள், சீறினாள், பாக்ஸின் மேல் அமர்ந்து வாதாடினாள். ஒருநாள் வாதத்தின் வெப்பத்தில் காப்பியையும் குடித்துவிட்டாள். மேடையில் ‘தோழர்களே’ என்று பன்மையில் விளித்தாலும் சொற்கள் ஒருமையாய் ஓரிடத்திற்கே போயின. கண்ணாடிக் கடையில் கிழவர் ஒருவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டும்போது, “நல்லாத் தெரியுதா? யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல” என்று அவன் குரலிலேயே சொன்னாள். சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டாள்.

இதையெல்லாம் ஒருவன் கவனித்துக்கொண்டிருந்தான். பிரச்சார ஆட்டோ ஓட்டும் டென்சில்.

“ஏன் சிஸ்டர், அந்தாளு ஏன் இன்னும் முடிவு பண்ணலைன்னு உங்களுக்கு நெசமாவே தெரியாதா?”

“சிந்திக்கிறாரு.”

“கிழிச்சாரு! ‘உங்களுக்குத்தான்’னு சொல்லிட்டா மறுநாள் நீங்க கடைப் பக்கம் போவீங்களா? தொங்கிட்டே இருந்தா தினமும் தரிசனம். செம்ம மூளை சிஸ்டர் அவருக்கு. மர்பி டவுனே பேசுது, உங்களுக்குத்தான் மேட்டர் தெரியல!”

முதலில் அவள் கன்னம் சூடாயிற்று. அது இனிப்பான சூடு. அடுத்த கணமே மானம் தலைதூக்கியது. என்ன? வனஜா அத்தையின் வாழ்வு, இந்த மக்களின் தண்ணீர், ஒரு நாட்டின் சனநாயகம் எல்லாம் ஒருவன் பெண் பார்ப்பதற்கான சாக்கா? அவள் இரவெல்லாம் விழித்துத் தேடிய விடைகள் அவனுக்குப் பொழுதுபோக்கா? அவனுடைய புருவத்திற்காகவா அவள்...

கேட்டுத் தெளியலாமே என்று அறிவு சொன்னது. அதற்கு மைக் கிடைக்கவில்லை.

பிரச்சாரத்தின் கடைசிக் கூட்டம். தெரு நிறையத் தலைகள். சங்கமித்ரா ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

“எதிரிகளைப் பற்றிப் பேச நான் வரவில்லை! எதிரிக்கேனும் ஒரு திசை உண்டு. இங்கே சிலர் இருக்கிறார்கள்... நடுவில் நிற்பவர்கள்! அவர்கள் நடுநிலையாளர்கள் அல்லர், நடுச்சாலையில் நிறுத்தி வைத்த வண்டிகள்! தாமும் போகார், பிறரையும் போகவிடார்! கேட்டால் சிந்திக்கிறார்களாம். சிந்தனை என்பது சோம்பலுக்குச் சூட்டிய செல்லப்பெயரா? முதுகெலும்பு இல்லாததை மூளை என்று சொல்லி ஊரை ஏமாற்றுகிறவர்களே...”

கூட்டம் முழுவதும் மேடைக்குப் பின்புறம் திரும்பியது. எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது.

அந்த நேரம் பார்த்து அவள் குரல் கரகரத்துத் தேய்ந்தது. தொண்டை கட்டியதோ, மனம் கட்டியதோ! சொற்கள் பின்வரிசைக்கு எட்டவில்லை. அப்போது... சில்வெஸ்டரின் கை ஆம்ப்ளிஃபயரை நோக்கிச் சென்றது. அணைக்கப்போகிறான் என்று அவள் நினைத்தாள். அணைத்துவிடேன் என்றும் நினைத்தாள்.

அவன் ஒலியைக் கூட்டினான்.

தன்னைப் பற்றிய வசவு ஒன்றும் கெட்டுவிடாமல், இரைச்சல் இல்லாமல், எழுத்தெழுத்தாகக் கேட்கும்படி திருகித் திருத்தினான். ‘முதுகெலும்பு இல்லாத’ என்பது அல்சூர் ஏரிவரை போய்த் திரும்பி வந்தது. கூட்டம் ஆரவாரித்தது. அவள் வாழ்நாளில் பெற்ற மிகப் பெரிய கைதட்டல் அதுதான். அதைப்போல் அவளுக்கு வலித்த ஒலி வேறில்லை. முடித்துவிட்டு இறங்கியபோது அவன் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

வீட்டில் வனஜா தலையில் அடித்துக்கொண்டார். “ஏண்டி மித்ரா, தொங்கிட்டு இருந்த ஆளை இழுப்பேன்னு பாத்தா கயிறையே அறுத்துட்டியே! வாய்தாண்டி உனக்கு நீளம்!”

மறுநாள் வார்டே அமைதியாக இருந்தது. ஒலிபெருக்கிகளுக்குத் தடை வந்துவிட்டது. இனி வாசல் வாசலாகத்தான் பேசலாம். நண்பகலில் அவள் கடைக்குப் போனாள். அவன் எழுந்து நின்றான். அந்த மரியாதை அவளை இன்னும் குத்தியது.

மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எந்தத் துண்டறிக்கையிலும் அவள் படித்ததில்லை. தொண்டையைச் செருமினாள். “நேற்றைய கூட்டத்தில் நான் வெளியிட்ட கருத்துக்கள் குறித்து...”

“மேடம், இங்க மைக் இல்ல. சாதாரணமாவே பேசலாம்.”

அவள் உடைந்தாள். “நீங்க... நான் தினமும் வரணும்னுதான் முடிவு பண்ணாம இருந்தீங்களா? அப்படித்தான் எல்லாரும் சொன்னாங்க. எனக்குக் கோபம் வந்துடுச்சு. அவ்வளவுதான்!”

அவன் யோசித்தான். யோசிக்கிறானே என்று இப்போது அவளுக்கு எரிச்சல் வரவில்லை, பயம் வந்தது.

“தலைகீழ் மேடம்,” என்றான் இறுதியில். “ஒவ்வொரு தடவை நீங்க வரும்போதும் ‘உங்களுக்குத்தான்’னு சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா நீங்க சிரிப்பீங்க. அந்தச் சிரிப்பு எனக்கு வேணும். ஊரே மூணு கட்சிக்கும் அந்த வார்த்தையைச் சொல்லுது, நான் ஒருத்தன் சொன்னா என்ன ஆயிடும்? ஆனா... மத்தவங்ககிட்ட சொல்லிடலாம். உங்ககிட்ட பொய் சொல்ல வரல.”

“ஏன்... என்கிட்ட மட்டும்?”

அவன் பதிலை இருமுறை பார்த்துக்கொண்டிருந்தான் போலும். அவளால் அங்கே நிற்க முடியவில்லை. “வரேன்” என்று இறங்கி நடந்தாள்.

சிந்தியுங்கள், சிந்தியுங்கள் என்று எத்தனை மேடைகளில் முழங்கினோம்! நம் சொல்லைக் கேட்டு ஒருவன் உண்மையிலேயே சிந்தித்தான். அவனை முதுகெலும்பில்லாதவன் என்றோம். பொய்யாய்த் தலையாட்டிய தெருவுக்கெல்லாம் கைகூப்பினோம். அப்படியானால் நாம் கேட்டது சிந்தனையையா, சம்மதத்தையா? நடக்க நடக்க அவளுக்கே வெட்கமாயிற்று.

வாக்குப்பதிவு நாள். மாநகராட்சிப் பள்ளியில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. அவள் வாக்களித்துவிட்டு வேப்பமரத்தடியில் நின்றாள். போகலாம். போகவில்லை. வரிசையில் இருந்து உள்ளே போன சில்வெஸ்டர் வரவேயில்லை. அவனுக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். “உள்ள தூங்கிட்டாரா?” என்றார் ஒருவர். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மிஷின் முன்னால் நின்றும் யோசிக்கிறானே, இந்த மனிதன்!

ஒருவழியாக வெளியே வந்தான். விரலில் மை. நேராக அவளிடம் வந்தான்.

“கேளுங்க,” என்றான்.

நாக்கு துடித்தது. யாருக்குப் போட்டீர்கள் என்ற இரண்டு சொற்கள் பல்லுக்குப் பின்னால் வந்து முட்டின. அத்தை தோற்றால்? ஒரே ஓட்டில் தோற்றால்? அவள் கண்களை மூடித் திறந்தாள்.

“கேக்க மாட்டேன். அது உங்களோடது. கடையில நான் கேட்டேனே, ஏன் என்கிட்ட மட்டும்னு... அதுக்கு மட்டும் பதில் வேணும்.”

“அது வந்து... சங்கமித்ரா...”

மேடம் போய்ப் பெயர் வந்துவிட்டது! அவள் இதயம் ஒரு படி ஏறியது.

“ஏய்! இல்லி ப்ரசார மாடபாரது!” இங்கே பிரச்சாரம் கூடாது என்று லத்தியைத் தட்டியபடி ஒரு காவலர் விரைந்து வந்தார். வேட்பாளரின் அண்ணன் மகள், வாக்குச்சாவடி வாசல், குனிந்து பேச்சு... பார்த்தால் பிரச்சாரம் அல்லாமல் வேறென்ன? “நூறு மீட்டர் ஆச்சே ஹோகி!” நூறு மீட்டருக்கு அப்பால் போகச் சொன்னார்.

“ப்ரசார அல்லா சார்!” என்றாள் அவள் பதறி.

“மத்தே ஏனு?”

பிரச்சாரம் இல்லையென்றால் பின் என்ன? வாதத்திலே வார்டை வளைத்தவளுக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. மேடைக்குப் பின்னாலேயே வாழ்ந்தவன்தான் முன்னால் வந்தான்.

“மதுவே விஷயா சார்,” என்றான். கல்யாண விஷயம்!

மர்பி டவுனில் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கன்னடம் தெரியும். இரண்டு வரிசைகளும் ஒருசேரத் திரும்பின.

காவலரின் லத்தி இறங்கியது. அவர் அவளை ஒருமுறையும் அவனை ஒருமுறையும் பார்த்தார். “ஹுடுகி ஒப்பிதாளா?” என்று அக்கறையோடு விசாரித்தார். பெண் சம்மதித்துவிட்டாளா என்று.

“இன்னும் தெரியாது சார்,” என்றான் சில்வெஸ்டர் தமிழிலேயே. “இப்பத்தான் கேட்டிருக்கேன்.”

இரண்டு வரிசைகளும் அவளையே பார்த்தன. பெண்கள் வரிசையில் ஒரு கிழவி, “சொல்லேம்மா, வெயில்ல நிக்கிறோம்!” என்றாள். வரிசைகள் சிரித்தன. அவள் சிவந்தாள், சிலிர்த்தாள்... வாசலை நோக்கி நடந்தாள். அவன் பின்னாலேயே வந்தான். நூறு மீட்டர் எல்லையாகப் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியதும் நின்று திரும்பினாள்.

“அங்க சொல்லியிருந்தா ஊருக்காகச் சொன்னதா ஆயிடும். இங்க எனக்காகச் சொல்றேன்.” குரல் தழைந்திருந்தது, ஓர் அடி தொலைவிலுள்ளவனுக்கு மட்டும் கேட்டது. “உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு, சில்வெஸ்டர். உங்க கேள்வியெல்லாம்கூட. உங்க ஓட்டு எங்க விழுந்திருந்தாலும்.”

அவன் கண்களில் அவசரம் என்ற ஒன்று முதன்முறையாகத் தோன்றியது. “நெசமாவா? யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“யோசிச்சுத்தான். உங்ககிட்ட கத்துக்கிட்டது.”

தெருமுனையில் மேசை போட்டு அமர்ந்திருந்த வனஜா இருவரும் சேர்ந்து வருவதைக் கண்டு எழுந்தார். கோத்த விரல்களை அவர் கவனிக்கவில்லை. மை வைத்த விரலைத்தான் தேடினார்.

“என்னடி, ஓட்டு நமக்குத்தானா?”

“ஓட்டு தெரியாது அத்தை,” என்றாள் சங்கமித்ரா. “ஆளு நமக்குத்தான்.”

வனஜா அவனை மேலும் கீழும் பார்த்தார். கோத்த விரல்கள் இப்போது கண்ணில் பட்டன. பக்கத்தில் கிடந்த நாற்காலியைத் தள்ளிப் போட்டார்.

“உக்காருங்க தம்பி. அடுத்த எலெக்‌ஷனுக்கு இப்பவே ஆரம்பிச்சிடலாம்.”